மலையகப் பள்ளத்தாக்கிலிருந்து இரவு வானத்தைப் படம்பிடித்தல்: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் நட்சத்திரங்களைப் படம்பிடிக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது எந்தக் கமராவை வாங்கலாம் என்பதைத்தான். ஆயினும் இந்த மலைகளில் ஒரு படம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் கமராவைத் தொடுவதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. எந்த மாதத்தில், மத்திய மலைத்தொடரின் எந்தப் பக்கத்தில், சரிவின் எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பவையே அதனை முடிவுசெய்கின்றன. சாதாரணக் கமராவும் உறுதியான முக்காலியும் உடைய ஒருவர் இம்மூன்றையும் சரியாகத் தேர்ந்துகொண்டால், விலையுயர்ந்த கருவியுடன் பனிமூட்டத்துக்குள் நிற்பவரைவிட எத்தனையோ மடங்கு நல்ல படத்துடன் வீடு திரும்புவார். ஆகவே இவ்வழிகாட்டி இடத்துக்கும் காலத்துக்கும் கூடுதலான இடத்தை ஒதுக்கி, கமராவை அதன் பின்னர் எடுத்துக்கொள்கிறது.

மாதமும் மலையின் பக்கமும்

மலையகம் ஏறத்தாழ வட அகலாங்கு 7 பாகையில் இருப்பது வான்படக்காரருக்குக் கிடைத்த பெரும் பேறு. பால்வீதியின் மிகவும் ஒளிமிக்க மையப்பகுதி, விருச்சிகத்தின் வாலாகிய மூல நட்சத்திரத்துக்கும் தனுசு இராசியின் பூராடத்துக்கும் இடையில், சற்று வடக்கே அமைந்துள்ளது. ஐரோப்பியப் படப்பிடிப்பாளர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டி, புகாரில் மங்கியே தெரிகிறது. நமக்கோ அது தென்திசையில் ஏறத்தாழ 54 பாகை உயரம்வரை ஏறுகிறது. பள்ளத்தாக்கின் சுவர்கள் உயரமாக இருந்தாலும் அவற்றுக்கு மேலாக அது வந்து நிற்கும்.

அம்மையப்பகுதி மாலை நேரத்திலேயே உச்சிக்கு வருவது யூலை, ஆகஸ்ட் மாதங்களில். யூலை இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் அது தெற்கில் தன் அதிகூடிய உயரத்தை அடைகிறது. இம்மாதங்கள் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் விழுவதுதான் சிக்கல். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய மேற்குச் சரிவுகள் அப்போது நாட்கணக்கில் மழைக்குள் மூழ்கியிருக்கும். மழையைப் பொழிந்துவிட்டு மலைத்தொடரைத் தாண்டும் காற்று, மறுபக்கத்தில் கீழிறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுகிறது. அதனால் வெலிமடை, பதுளை, பசறை, மடுல்சீமை முதலிய ஊவாப் பக்கத்து ஊர்கள் அதே நாட்களில் வறண்ட வானத்தைப் பெறுகின்றன. கச்சான் எனப்படும் இந்த வறண்ட காற்றை வெறுக்கும் விவசாயிகளின் துன்பம் உண்மையானது. எனினும் யூன் முதல் ஆகஸ்ட் வரை பால்வீதியின் மையத்தைப் படமாக்க விரும்புபவர் செல்லவேண்டிய பக்கம் ஊவாவே. காற்று பலமாக வீசும் என்பதால் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், அதில் ஒரு கல்லையோ பையையோ தொங்கவிட்டு, மறைவான சரிவில் நிற்க வேண்டியிருக்கும்.

வடகீழ் பருவப்பெயர்ச்சி ஊவாவை நனைக்கும் காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. சனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளில் குளிர்ந்த, தெளிந்த இரவுகள் வாய்க்கின்றன. அப்போது பால்வீதியின் மையம் விடியலுக்கு முன்புதான் எழும்: பெப்ரவரி இறுதியில் அதிகாலை இரண்டு மணியளவில் கிழக்குத் தென்கிழக்கில் தலைகாட்டி, மலைவிளிம்பைத் தாண்டி வர மூன்று மணியாகிவிடும். ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் விடியல் ஒளி பரவத் தொடங்குவதால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணித்தியாலங்கள். தென்கிழக்குத் திசை திறந்திருக்கும் பள்ளத்தாக்கையே இதற்காகத் தேர வேண்டும்.

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து சிவனொளிபாத மலையை முன்னணியாக வைத்துப் பால்வீதி மையத்தை எடுக்க ஆசைப்படுவோர் பலர். அங்கிருந்து மலை மேற்குத் தென்மேற்கில் இருக்கிறது. தெளிந்த மாதங்களிலோ மையப்பகுதி எதிர்ப்புறத்தில் எழுகிறது. ஆகவே அந்த இடத்துக்குப் பொருந்துவது வேறொரு படம். பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் இரவு பத்து மணிக்குப் பின்னர் மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஓரியன் கூட்டம் மேற்கே சாய்ந்து மலைக்கு மேலாக இறங்கும். யாத்திரைக் காலம் மார்கழிப் போயா (பூரணை நாள்) தொடங்கி வெசாக் போயாவரை நீள்வதால், நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறும் படிக்கட்டுகளின் விளக்குவரிசையும் படத்தில் அமையும். மலையகத்துக்கே உரிய இந்தக் காட்சியை எடுக்காமல் பால்வீதிக்காக மட்டும் காத்திருப்பது இழப்பாகும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழமை. மழை கழுவிய காற்று மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் ஈர நிலத்திலிருந்து பனிமூட்டம் எழும்வரைதான். அவ்வாறான இரவுகளில் இருட்டியதும் உடனே படம்பிடிக்கத் தொடங்க வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரும் அதன் அடியிலுள்ள மீமுரே போன்ற கிராமங்களும் இரு பருவப்பெயர்ச்சிகளின் தாக்கத்தையும் பெறுவதால், அங்கு மாதத்தை நம்பாமல் அன்றன்றைய செய்மதிப் படத்தைப் பார்த்தே புறப்படுவது நல்லது.

நாட்காட்டியைப் பார்க்கும் முறை

இலங்கையில் பூரணை தினம் பொது விடுமுறை. ஆகையால் வேலை செய்யும் எவருக்கும் பயணம் போக எளிதில் கிடைக்கும் நாள், நட்சத்திரப் படத்துக்கு மிகவும் பொருந்தாத நாளாக அமைந்துவிடுகிறது. முழுநிலவு வானத்தை வெளிறச்செய்து பால்வீதியை அடியோடு மறைத்துவிடும். அமாவாசைக்கு முந்திய ஐந்து இரவுகளையும் பிந்திய நான்கு இரவுகளையும் குறித்துவைத்து, அவற்றுள் வரும் வார இறுதியைத் தேடுங்கள்.

நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டி இதற்குப் போதுமானது. மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வரும் மகா சிவராத்திரி, மேற்குச் சரிவுகளுக்கு ஏற்ற இரவு. ஊரே விழித்திருக்கும் அவ்விரவில் நிலவு விடியலை ஒட்டித்தான் எழும். மூன்று மணிக்குப் பால்வீதி வந்துவிடும். கோவில்களின் விளக்கொளியிலிருந்து விலகி நின்றால் போதும். ஊவாப் பக்கத்துக்கு அதே போல ஆடி அமாவாசையைச் சொல்லலாம். தீபாவளியும் அமாவாசையை ஒட்டியே வருகிறது. ஆனால் அது மழைக்காலத்தில் விழுவதாலும் பட்டாசுப் புகையாலும் அதை நம்பித் திட்டமிட முடியாது.

வளர்பிறையின் மூன்றாம், நான்காம் இரவுகளுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. சூரியன் மறைந்து ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்கள்வரை மெல்லிய பிறை மேற்கில் நின்று தேயிலைச் சரிவுகளுக்கு மென்மையான ஒளி தரும். அந்த ஒளியில் நிலக்காட்சியை எடுத்துவிட்டு, முக்காலியை அசைக்காமல் காத்திருந்து, பிறை மறைந்தபின் வானத்தை எடுக்கலாம்.

பள்ளத்தாக்கில் எங்கே நிற்பது

பள்ளத்தாக்கு நமக்குச் செய்யும் உதவி, நுவரெலியா, ஹட்டன், பதுளை போன்ற நகரங்களின் ஒளிப்படலத்தைத் தன் சுவர்களால் தடுப்பது. அதற்கு ஈடாக அது அடிவானத்தை நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறது. கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. இந்த அளவுகோலைக்கொண்டு பகலிலேயே நான்கு திசைகளிலும் மலைவிளிம்பின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தென்சிலுவை மே மாத நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்கு உச்சத்தில் நிற்கும்போதும் 23 பாகை உயரமே இருக்கும் என்பதால், தெற்குச் சுவர் இரண்டு முட்டி உயரமாக இருந்தால் அதன் அடிநட்சத்திரம் மலையைத் தொட்டபடியே தெரியும், அதற்கு மேல் உயர்ந்தால் மறைந்துவிடும். அகத்திய நட்சத்திரம் 30 பாகைவரை உயர்வதால் அதற்குச் சற்று வசதி உண்டு. துருவ நட்சத்திரம் 7 பாகை உயரத்தில் இருப்பதால் பெரும்பாலான பள்ளத்தாக்குகளிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது.

அடுத்தது உயரம். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். சூரியன் மறைந்ததும் சரிவுகள் வெப்பத்தை இழக்கின்றன. அவற்றை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து மெல்லக் கீழிறங்கிப் பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. ஆற்றோரத்திலும் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களின் கரையிலும் முதலில் மூட்டம் பிடிப்பது இதனால்தான். மலைமுகட்டிலோ, மேலெழும் காற்று குளிர்ந்து முகிலாகித் தங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நடுச்சரிவுதான் இரவில் நெடுநேரம் தெளிவாக இருப்பது. அத்துடன் அங்கிருந்து பார்க்கும்போது அடியில் தேங்கும் மூட்டமே படத்துக்கு அழகு சேர்க்கும். கீழேயுள்ள விளக்குகளையும் அது மூடிவிடும்.

குளிர்காற்று தேங்கும் பள்ளங்களை அறிவதற்குத் தோட்டத்தில் வேலை செய்பவர்களைவிடச் சிறந்த வழிகாட்டிகள் இல்லை. நுவரெலியாப் பகுதியில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் இடங்கள் எவை என்று அவர்களுக்கு நிரை நிரையாகத் தெரியும். “ஐயா, எந்தப் பள்ளத்தில கொழுந்து கருகும்?” என்று, தொழிலாளரை மேற்பார்வை செய்யும் வயதான ஒரு கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் கைகாட்டும் இடம் நீங்கள் நிற்கக் கூடாத இடம். எந்த வானிலைச் செயலியும் இந்த நுணுக்கத்தைத் தராது.

தேயிலைத் தொழிற்சாலைகள் பல இரவிலும் இயங்குவதையும், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளாகிய லயன்களின் வாசல் விளக்குகள் விடியும்வரை எரிவதையும் மனதில் வைத்து இடத்தைத் தேருங்கள். அவ்விளக்குகள் மக்களின் பாதுகாப்புக்காக எரிபவை; அவற்றை அணைக்கச் சொல்லிக் கேட்பதை நான் சரியென எண்ணவில்லை. ஒரு மேட்டையோ சவுக்கு வரிசையையோ இடையில் வரும்படி நாம் நகர்ந்துகொள்ளலாம்.

அனுமதியும் பாதுகாப்பும்

தோட்டத்துக்குள் இரவில் நிற்பதாயின் முகாமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, காவற்காரருக்கும் அருகிலுள்ள லயன் மக்களுக்கும் செய்தி சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் மலைமேல் அலையும் வெளிச்சம் அங்குள்ளவர்களை அச்சுறுத்தும். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்குவதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அணைக்கட்டுகள் காவலுக்கு உட்பட்டவை. அவற்றை முன்னணியாக வைக்க எண்ணினால் முதலில் கேளுங்கள்.

தேயிலைக்குள் குறுக்கே நடக்காதீர்கள். காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் கண்ணிகளும் சட்டவிரோத மின்கம்பிகளும் இருளில் தெரியாதவை, உயிரைப் பறிப்பவை. சிறுத்தைகளும் மலையகத் தோட்டங்களில் நடமாடுகின்றன. பகலில் நடந்து பார்த்த பாதையில், துணையுடன், பேசிக்கொண்டே செல்வதே முறை. தொடர்மழைக்குப் பின்னர் மண்சரிவு எச்சரிக்கை உள்ள பகுதிக்கு ஒருபோதும் போகக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. அட்டைக் கடிக்குச் சவர்க்காரமும் நீண்ட காலுறையும் போதும்.

கருவிகளும் ஆயத்தமும்

ஒளிபடும் நேரத்தைக் கையால் அமைக்கக்கூடிய எந்தக் கமராவும் உதவும். வில்லை அகன்ற கோணமுடையதாக, 14 முதல் 24 மி.மீ. வரையான குவியத்தூரமும் எஃப் 2.8 அல்லது அதைவிட அகன்ற (எண் சிறியதான) துளையும் கொண்டதாக இருந்தால் சிறப்பு. கமராவுடன் வரும் 18–55 மி.மீ. வில்லையும் 18 மி.மீ., எஃப் 3.5 இல் தொடக்கத்துக்குப் போதும். கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கையமைப்பு முறையில் 30 செக்கன்வரை திறக்கும் தொலைபேசியை ஒரு பிடிப்பானில் முக்காலியின் மேல் நிறுத்தினால் நம் வானம் அதிலும் பதியும்.

குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். மேலதிக மின்கலத்தைச் சட்டைப்பையில், உடலின் சூட்டில் வைத்திருங்கள். சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு கட்டாயம். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் எடுக்கும். ஒரு வெள்ளை ஒளிக்கீற்று அந்தப் பழக்கத்தை நொடியில் கெடுத்துவிடும். கமராத் திரையின் ஒளியையும் ஆகக் குறைத்துவைக்க வேண்டும். ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியில் உங்கள் ஊரையும் நேரத்தையும் இட்டால், எந்த நட்சத்திரம் எந்த மலைவிளிம்புக்கு மேலே வரும் என்பதை வீட்டிலேயே கணித்துக்கொள்ளலாம்.

குவியப்படுத்தல்

தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடுங்கள். வில்லையில் அதிர்வு தடுப்பு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். திரையில் நேரடிக் காட்சியை வரவழைத்து, ஓர் ஒளிமிக்க நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, பத்து மடங்கு பெருப்பித்து, குவிய வளையத்தை மிக மெதுவாகத் திருப்புங்கள். நட்சத்திரம் ஆகச் சிறிய புள்ளியாகும் இடத்தைத் தாண்டிச் சென்று, மறுபடி திரும்பி வந்தால்தான் அந்த இடம் உறுதியாகும். வில்லையில் பொறிக்கப்பட்டுள்ள முடிவிலிக் குறியை நம்ப முடியாது. அமைத்தபின் வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடலாம். எனினும் இரவு செல்லச் செல்ல வில்லை குளிர்ந்து குவியம் சற்று நகரக்கூடும் என்பதால் மணிக்கொரு தடவை மீண்டும் சோதியுங்கள்.

ஒளிபடும் நேரமும் மற்ற அளவுகளும்

தொடக்க அளவுகளாக எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200, வெண்சமநிலை (நிறச் சமன்) 4000 கெல்வின், ரா வகைக் கோப்பு (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) என்று வையுங்கள். ஒளிபடும் நேரத்துக்குப் பலரும் பயன்படுத்துவது 500 விதி. 500ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் நட்சத்திரம் கோடாக நீளாமல் பதியும் செக்கன்கள் கிடைக்கும். ஒளியைப் பதியும் உணரி பெரிதாக உள்ள முழுச்சட்டகக் கமராவில் 24 மி.மீ. எனில் 20 செக்கன். சிறிய உணரி உடைய கமராவில் குவியத்தூரத்தை 1.5 ஆல் பெருக்கிய பின் வகுக்க வேண்டும் என்பதால் 18 மி.மீ. எனில் 18 செக்கன். திரையில் பார்ப்பதற்கு இது போதும். பெரிதாக அச்சிடுவதாயின் 500க்குப் பதிலாக 300ஐ வைத்துக் கணியுங்கள்.

நம் அகலாங்கில் இந்த விதியைத் திசைக்கேற்பத் திருத்த வேண்டும். பிற நாட்டு வழிகாட்டிகள் இதைச் சொல்வது அரிது. வான நடுக்கோடு நமக்கு ஏறக்குறைய உச்சிக்கு மேலாகவே செல்கிறது. அதன் அருகிலுள்ள நட்சத்திரங்களே படத்தில் மிக விரைவாக நகர்பவை. ஆகவே ஓரியனையோ உச்சிவானத்தையோ எடுக்கும்போது விதி தரும் நேரத்தைத் தாண்டவே கூடாது. பால்வீதியின் மையத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூட்டலாம். தென்சிலுவை அந்த வேகத்தின் பாதியில்தான் நகர்வதால் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் அது புள்ளியாகவே பதியும்.

இரண்டு செக்கன் தாமதத்துடனோ தொலைவிசையாலோ கமராவை இயக்கி, முதற்படம் வந்ததும், படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் ஒளிப்பரம்பல் வரைபைப் பாருங்கள். இருளில் திரை எப்போதும் ஏமாற்றும். படம் உள்ளதைவிட ஒளிமிக்கதாகத் தோன்றும். வரைபின் மேடு இடது ஓரத்தில் ஒட்டாமல் சற்று விலகி நின்றால் அளவு சரி. பின்னர் அதே சட்டகத்தில், அதே அளவில், பதினாறு படங்களைத் தொடர்ந்து எடுங்கள். பதினாறையும் கணினியில் அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சற்புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நீண்ட நேர ஒளிபடுதலுக்கான இரைச்சல் நீக்கியை அணைத்துவிடுங்கள்; அது ஒவ்வொரு படத்துக்கும் இரட்டை நேரம் எடுத்து, தொடரில் இடைவெளி விழச்செய்யும். அதற்குப் பதிலாகக் கடைசியில் வில்லையை மூடி அதே அளவில் சில இருட்படங்களை எடுத்துக்கொள்ளலாம்.

சிவனொளிபாத மலையின் விளக்குவரிசை போன்ற ஒளிமிக்க முன்னணி இருந்தால், அதற்கென இரண்டு மூன்று செக்கன் படமொன்றைத் தனியே எடுங்கள். மற்ற இடங்களில் நிலத்துக்காக ஐ.எஸ்.ஓ.வை 800 அல்லது 1600ஆகக் குறைத்து, இரண்டு முதல் நான்கு நிமிடங்கள்வரை ஒரு படம் எடுத்தால் தேயிலை நிரைகள் தெளிவாக வரும்.

நட்சத்திரத் தடங்களை விரும்புவோர் 30 செக்கன் படங்களை இடைவெளியின்றி ஒரு மணித்தியாலம் எடுத்து இணைக்கலாம். இங்கே கிழக்கை நோக்கினால் தடங்கள் ஏறத்தாழச் செங்குத்தாக மேலேறும். தெற்கை நோக்கினால் அடிவானத்துக்குக் கீழுள்ள தென்துருவத்தைச் சுற்றி வளைவுகளாக அமையும். வடக்கே துருவம் மலைக்குப் பின்னால் மறைவதால் அரைவட்டங்களே கிடைக்கும்.

வில்லையில் படியும் பனி

மலையகத்தில் நல்ல இரவுகளை முடித்துவைப்பது பெரும்பாலும் முகில் அல்ல, வில்லையின் முகப்பில் படியும் பனிதான். வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிபடுநிலைக்கும் உள்ள இடைவெளி 2 பாகைக்குக் குறையுமென்று வானிலைச் செயலி காட்டினால் பனி நிச்சயம் என்று கொள்ளுங்கள். பவர் பேங்கில் இயங்கும் வெப்பப் பட்டியை வில்லையின் முன்விளிம்பை ஒட்டிக் கட்டுவதே சரியான தீர்வு. பனி படியும் முன்பே அதை இயக்கிவிட வேண்டும். படிந்தபின் துணியால் துடைத்தால் ஈரம் பரவி மீண்டும் படியும். பட்டி இல்லாதவர்கள் வில்லை மறைப்பைப் பூட்டி, படங்களுக்கிடையில் கமராவை நிலம் நோக்கித் திருப்பிவைக்கலாம்.

திரும்பும்போது கமராவைக் குளிரிலேயே காற்றுப்புகாத பைக்குள் இட்டு மூடி, சூடான அறைக்குள் வந்து ஓரிரு மணித்தியாலங்கள் சென்றபின் திறவுங்கள். உடனே திறந்தால் அறையின் ஈரம் உணரியிலும் வில்லைகளின் உட்புறத்திலும் படிந்து, நாளடைவில் பூஞ்சணம் பிடிக்கும். மலையகத்தில் கமரா வைத்திருப்பவர் எல்லோரும், வான்படம் எடுக்காதவரும்கூட, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியைப் பயன்படுத்த வேண்டும்.

கணினியில்

வின்டோஸ் கணினியில் சீக்குவேட்டர் என்ற இலவச மென்பொருள் வானத்தையும் நிலத்தையும் பிரித்தறிந்து, நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரும். அதன்பின் மாறுபாட்டைக் கூட்டுவதில் நிதானம் தேவை. பால்வீதியை ஊதாவும் நீலமுமாக மாற்றிவிடும் படங்கள் எங்கும் பெருகிவிட்டன. மையப்பகுதியின் இயற்கையான நிறம் பழுப்பும் இளமஞ்சளும் கலந்தது. வெண்சமநிலையை அதற்கேற்ப வையுங்கள்.

இரண்டு விடயங்களைக் குறையென்று எண்ணி நீக்கிவிட வேண்டாம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மாலை இருட்டியபின் மேற்கில் கூம்புபோல் எழும் மங்கிய வெளிச்சம் நகரத்து ஒளி அன்று. கோள்களுக்கிடையிலுள்ள தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் அது உண்டாகிறது. அதுபோலவே அடிவானத்துக்குச் சற்று மேலே பரவும் பச்சைச் சாயல், ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் ஒட்சிசன் அணுக்கள் தாமாக வெளிவிடும் ஒளி. அது தெளிவாகப் பதிந்திருந்தால் நீங்கள் நின்ற பள்ளத்தாக்கு உண்மையிலேயே இருளானது. அந்த இடத்தையும் திகதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அமாவாசைக்குத் திட்டமிடும்போது தேவைப்படும்.